28 நாட்களில் மூடும் குழாய்

கல்முனையிலிருந்து எழுதிய வாசகி ஒருவர், திருமணமாகி இரண்டாம் மாதத்தில் தமக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் போலிக் அமிலம் கொடுத்தார்கள் என்றும், அதைக் கண்ட மாமி, "வயிற்றில் பிள்ளையே இல்லையே மகள், பிறகு எதற்கு இந்தக் குளிசை?" என்று கேட்டார் என்றும் குறிப்பிட்டிருக்கிறார். மாமியின் கேள்வி நியாயமானது. அதற்கான விடை நாட்கணக்கில் இருக்கிறது.

கருக்கட்டி மூன்றாவது கிழமையில், நெல்மணியளவுகூட இல்லாத முளையத்தின் முதுகுப்புறத்தில் நரம்புத் தட்டு என்ற தட்டையான கலப்படை உருவாகிறது. அதன் நடுக்கோட்டுக் கலங்கள் மேல்நுனி ஒடுங்கி, அடி அகன்று, ஆப்பு வடிவம் பெறுகின்றன; நுனியைச் சுற்றியுள்ள புரத இழைகள் சுருக்குப்பையின் கயிறு போல இறுகுவதும் இதற்கு ஒரு காரணம். அதனால் தட்டு நடுவில் பள்ளமாகி, இரு ஓரங்களும் மேலெழுந்து ஒன்றையொன்று நோக்கி வளைகின்றன. மருதமுனைக் கைத்தறிச் சாரத்தை மூட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அடுத்தது எளிதில் விளங்கும்: விரித்த துணியின் இரு ஓரங்களும் சேர்ந்ததும் அது குழாயாகிவிடுகிறது. முளையத்தில் இந்த மூட்டு ஏறத்தாழ 22ஆம் நாளில், பின்னர் கழுத்தாகப்போகும் இடத்தருகே தொடங்கி, தலையை நோக்கியும் வாலை நோக்கியும் ஒரே காலத்தில் ஓடுகிறது. தலைப்பக்க வாய் 25ஆம் நாளளவிலும், வால்பக்க வாய் 28ஆம் நாளளவிலும் மூடுகின்றன. மேற்பகுதி மூளையாகிறது, எஞ்சிய நீளம் முதுகெலும்பினுள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணாகிறது. கீழே மூட்டு விடுபட்டால் பிள்ளை முதுகில் பிளவோடு பிறக்கும். மேலே விடுபட்டால் மூளையின் பெரும்பகுதி உருவாகாது, அந்தப் பிள்ளை பிழைப்பதில்லை.

அந்த 28ஆம் நாளில் தாய்க்கு மாதவிடாய் இரண்டு கிழமைதான் தள்ளிப்போயிருக்கும். கர்ப்பம் உறுதியாகி, கிளினிக்கில் பதிந்து, குளிசையைக் கையில் வாங்கும்போது பெரும்பாலும் மூட்டு முடிந்துவிட்டிருக்கும்.

இந்த மூட்டு நடக்கையில் வேகமாகப் பிரியும் கலம் ஒவ்வொரு முறையும் தன் மரபுப் பொருளைப் பிரதி எடுக்க வேண்டும். அதன் நான்கு எழுத்துகளில் ஒன்றான தைமினை ஆக்குவதற்குப் போலேற்று என்ற உயிர்ச்சத்து தேவை; குளிசையில் உள்ள போலிக் அமிலம் அதன் ஒரு வடிவமே. முன்பு இந்தக் குழாய் மூடாத குறையோடு பிள்ளை பெற்ற தாய்மாரிடம் ஏழு நாடுகளில் நடத்தப்பட்டு 1991இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், கருத்தரிக்கும் முன்பே நாளுக்கு 4 மில்லிகிராம் போலிக் அமிலம் எடுத்தவர்களிடம் அக்குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. இந்த அறிவு எல்லா வீட்டுக்கும் போய்ச்சேராததால், அப்படிப் பிறந்த பிள்ளைக்குக் கிரகணமும் தோஷமும் காரணமாக்கப்பட்டு, தாய் மீதே பழி விழுவதைப் பார்க்கையில் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

வல்லாரைச் சம்பலிலும் பாசிப்பயற்றிலும் போலேற்று உண்டு; ஆனால் நீரில் கரைந்து வெப்பத்தில் அழியும் சத்து என்பதால், கீரையை வேகவைத்து நீரை வடித்தால் பெரும்பங்கு போய்விடும். ஆகவே கருத்தரிக்க முயலும் நாளிலிருந்து கர்ப்பத்தின் 12ஆம் கிழமை வரை தினமும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் குளிசையாக எடுக்குமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முன்பு இக்குறையோடு பிள்ளை பெற்றவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு இதைவிடக் கூடிய அளவு தேவைப்படலாம். அவர்கள் கருத்தரிக்கும் முன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.