நமக்கு வண்டி தெரிகிறது. வண்டிக்கு நாம் தெரிகிறோமா?

திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் ஒன்றில் எலும்பு முறிவு மருத்துவராகப் பணியாற்றுகிறேன். மார்கழிக் கடைசியிலிருந்து தைப்பூசம் முடியும் வரை எங்கள் இரவுப் பணிப் பட்டியலைத் தனிக் கவனத்துடன் தயாரிப்போம். அந்த வாரங்களில் பழனிக்குப் பாதயாத்திரை செல்லும் கூட்டம் இரவெல்லாம் எங்கள் ஊரைக் கடந்துகொண்டே இருக்கும். இரவில் நடக்காதீர்கள் என்று அவர்களிடம் சொல்வதில் பயனில்லை என்பதை வந்த முதல் ஆண்டிலேயே உணர்ந்துகொண்டேன். செருப்பணியாமல் நடப்பவர்களுக்குப் பகல் வெயிலில் காய்ந்த தார்ச்சாலை உள்ளங்காலைக் கொப்புளமாக்கிவிடும். சாலையோர மண்ணில் சரளைக்கல்லும் முள்ளும் கிடக்கும். ஆகவே அவர்கள் இரவில் நடக்கிறார்கள், அதுவும் தார் மேலேயே நடக்கிறார்கள்.

அடிபட்டவரையும் மோதிய வண்டியின் ஓட்டுநரையும் ஒரே இரவில் விசாரிக்க நேரும்போது இரண்டு வாக்கியங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஓட்டுநர், “திடீர்னு முன்னால வந்துட்டார் சார்” என்பார். அடிபட்டவர், “வண்டி வர்றது தெரிஞ்சுது, ஒதுங்கிப் போவான்னு நினைச்சேன்” என்பார். இருவரில் ஒருவர் பொய் சொல்வதாகத்தான் நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மையே. இருட்டில் வரும் வண்டியின் முகப்பு விளக்கு ஒரு கிலோமீட்டருக்கு முன்பே நம் கண்ணில் படுகிறது. அந்த வெளிச்சம் நம் மீதும் விழுவதால், ஓட்டுநரும் அப்போதே நம்மைப் பார்த்துவிட்டார் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. இரவில் சாலையில் நடப்பவரின் மிக ஆபத்தான நம்பிக்கை இதுதான்.

கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. முன்னே ஆள் இருப்பதை உணர்ந்து கால் பிரேக்கை அடைய ஒன்றரை நொடி ஆனால் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிறகு காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டராவது வேண்டும். ஆனால் விளக்கைத் தாழ்த்தி ஓட்டும்போது, கறுத்த உடையில் நடப்பவர் ஏறக்குறைய 30 மீட்டர் தொலைவு வரும்வரை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நிறுத்த 45 மீட்டர் தேவைப்படும் வண்டிக்கு 30 மீட்டரில்தான் ஆள் தெரிகிறார் என்றால், நல்ல ஓட்டுநராலும் மோதலைத் தவிர்க்க இயலாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் தேவைப்படும் தூரம் ஏறத்தாழ 70 மீட்டர்.

யாத்திரைக்காரர்களின் உடை இதில் நிலைமையை மோசமாக்குகிறது. மங்கலான வெளிச்சத்தில் நம் கண் நிறத்தைப் பிரித்தறியாது. பழனிக்கு அணியும் கரும்பச்சையும், சபரிமலைக்கு அணியும் கறுப்பும் நீலமும், மேல்மருவத்தூருக்கு அணியும் சிவப்பும் தொலைவிலிருந்து பார்க்கையில் ஏறத்தாழ ஒரே இருட்டாகிவிடுகின்றன. சமயபுரத்துக்குச் செல்பவர்களின் மஞ்சள் மட்டும் ஓரளவு பிழைக்கிறது. வெள்ளை வேட்டி உடுத்தியவர் கொஞ்சம் பாதுகாப்பானவரே, ஆனால் தை மாதக் குளிருக்கு அவர் கருநிறப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டால் அந்த நன்மையும் போயிற்று. அதிகாலையில் நடைப்பயிற்சிக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

காவல் துறையினரும் தன்னார்வலர்களும் வழியில் நின்று ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அது நல்ல பணி. ஆனால் முதுகுப் பையில் ஒட்டியதன் மேல் அடுத்த ஊரிலேயே ஈரத்துண்டு தொங்கவிடப்படுகிறது. ஸ்டிக்கரை ஒட்டச் சிறந்த இடம் கணுக்கால். இரு கால்களிலும் ஒளிரும் பட்டை மாறிமாறி அசையும்போது, அது நடக்கும் மனிதன் என்பதை ஓட்டுநரின் மூளை உடனே அடையாளம் காண்கிறது. அசையாமல் தெரியும் ஒற்றைப் புள்ளியைச் சாலையோரக் குறிக்கல் என்று கருதிவிடவும் கூடும். கைப்பேசி டார்ச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது நம் காலடிக்கு வெளிச்சம் காட்டுமே தவிர, பின்னால் வருபவருக்கு நம்மைக் காட்டாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவின் கடைசி ஆளாக நடந்து வந்தவர், இரண்டு கால்களிலும் கெண்டைப் பகுதி கிழிந்து, எலும்பு முறிந்து வந்தார். டார்ச் எரிந்துகொண்டிருந்ததாம். “ரோட்டுல அவ்வளவு இடம் இருந்துச்சே டாக்டர், விலகிப் போயிருக்கலாமே” என்று அறுவை அரங்குக்குள் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி ஆளின் முதுகில், சைக்கிள் கடையில் கிடைக்கும் மினுக்கும் சிவப்பு விளக்கு ஒன்று தொங்கியிருந்தால் அவரை நான் சந்தித்திருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

காலின் பின்புறமான கெண்டைப் பகுதியில் அடி என்பதிலிருந்தே, வண்டி பின்னாலிருந்து வந்து மோதியது, அதாவது அவர் இடப்பக்கம் நடந்தார் என்பதும் தெரிகிறது. “இடப்பக்கமாகச் செல்” என்று பள்ளியில் படித்ததை நம்மில் பலர் நடப்பதற்கும் பொருத்திக்கொண்டோம். அது வண்டிக்கான விதி. நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கம், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடப்பதே பாதுகாப்பு. ஓட்டுநர் நம்மைக் காணாவிட்டாலும் நாமாவது ஒதுங்கலாம். நடைபாதை போட்டிருக்கும் இடங்களில் அதைவிட்டுத் தாருக்கு ஏற வேண்டிய தேவையே இல்லை. இருவர் மூவர் கைகோத்து நடப்பதை இருட்டும் வரை வைத்துக்கொண்டு, பிறகு ஒருவர் பின் ஒருவராக வரிசையாகிவிடலாம்.

நான்குவழிச் சாலையைக் கடப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் நாட்டு வண்டிகளின் தாழ்த்திய விளக்கு, எதிரே வருபவரின் கண் கூசாமலிருக்க, வலப்பக்கம் தாழ்வாகவும் இடப்பக்கம் சற்று நீளமாகவும் ஒளி வீசும்படி அமைக்கப்பட்டது. நடுத்திட்டு ஓட்டுநருக்கு வலப்பக்கம் இருக்கிறது. எதிர்வெளிச்சத்தை மறைக்க அங்கே அரளி வளர்த்திருக்கிறார்கள். ஆக, அரளிப் புதரை விலக்கிக்கொண்டு இறங்குபவர், ஒளி மிகக் குறைவாக விழும் பக்கத்திலிருந்து, மறைவிலிருந்து வெளிப்படுகிறார். சாலையின் முதல் பாதியை எளிதாகக் கடந்த தைரியத்தில் இரண்டாம் பாதியில் அடிபட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டீக்கடை எதிர்ப்புறம் இருந்தாலும் சுரங்கப்பாதை வரை நடந்து போய்த் திரும்பி வாருங்கள். அரைக் கிலோமீட்டர் கூடுதலாகும் என்பது உண்மைதான்.

ஓட்டுநர்களுக்கு நீண்ட அறிவுரை தேவையில்லை. இந்தியாவில் 2022ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். மாலை 6 முதல் 9 மணி வரையிலான நேரமே விபத்துகள் மிகுந்த நேரம். எதிர் வண்டி கடந்ததும் கண் கூச்சம் தெளியச் சில நொடிகள் ஆகும்; அந்த நொடிகளில் வேகத்தை ஏற்றாதீர்கள்.

விபத்தைப் பார்த்தவர்கள் தயங்காமல் 108ஐ அழைக்கலாம். உதவுபவருக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் 134ஏ பிரிவு 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. முறிந்த காலை மடக்கி ஆட்டோவில் திணிக்காமல், இரத்தம் வடியும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்திருந்தாலே பெரிய உதவி. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

நடந்து சென்றவரை மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால், இழப்பீடே கிடைக்காது என்று குடும்பங்கள் கைவிட்டுவிடுகின்றன. வண்டி எதுவென்று தெரியாத விபத்துகளுக்கும் மத்திய அரசின் திட்டம் ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் முதல் இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. அதற்குக் காவல் நிலைய முதல் தகவல் அறிக்கையோடு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலையும், அதாவது நாங்கள் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்வதையும், பத்திரமாக வைத்திருங்கள். அனுமதிக்கப்பட்ட அன்றே பணி மருத்துவரிடம், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது அடிபட்டது என்பதைச் சரியாகச் சொல்லி எழுதச் செய்யுங்கள்.