மினிமம் கட்டினால் பில் கட்டியதாகாது

கிரெடிட் கார்டு பில்லில் இப்படி மாட்டிக்கொண்டு எங்களிடம் கடன் கேட்டு வந்ததில், இந்த மாதத்தில் மட்டும் இது நாலாவது ஆள். கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை, வயது 24. கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு பைக் லோன் கேட்டு வந்திருந்தான். கடனை ஒழுங்காகக் கட்டுகிறவனா என்று சொல்லும் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோரைப் பார்த்தேன்: 640. மொத்தம் 900. 750 தாண்டியிருந்தால் நாங்கள் யோசிக்காமல் ஃபைலை நகர்த்துவோம்.

"ஒரு மாசங்கூட விட்டதில்லைங்க மேடம்" என்று செல்போனில் கார்டு ஸ்டேட்மென்ட்டைத் திறந்து காட்டினான். பொய்யில்லை. பத்து மாதமும் கட்டியிருக்கிறான், ஒவ்வொரு மாதமும் மினிமம் டியூ மட்டும், அதாவது பில்லில் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை. போன ஓணத்துக்கு ஆஃபரில் வாங்கிய செல்போனில் தொடங்கியது. இப்போது 45,000 லிமிட்டில் 40,000 பாக்கி நிற்கிறது.

ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 40,000-க்கு 1,400 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 252. நீ கட்டியது 2,000. அசலில் கழிந்தது வெறும் 348 ரூபாய், தம்பி. வருஷத்துக்கு 42 சதவீத வட்டி இது. ஊரில் கந்துவட்டி என்றால் பயப்படுகிற பிள்ளைகள் இதற்குப் பயப்பட மாட்டேன் என்கிறார்கள்.

இன்னொன்றும் யாருக்கும் தெரிவதில்லை. பாக்கி வைத்துவிட்டால், பில் கட்டும் நாள் வரை கார்டில் கிடைக்கும் வட்டியில்லாத நாட்கள் போய்விடும். நாளைக்கு 500 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டாலும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். மினிமம் கட்டினால் லேட் ஃபீஸ் வராது, சிபில் ரிப்போர்ட்டில் தவணை தவறியதாகவும் விழாது. அவ்வளவுதான் அதன் பயன். ஆனால் லிமிட்டில் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிரம்பிக் கிடப்பது ரிப்போர்ட்டில் அப்படியே தெரிகிறது. கைக்கும் வாய்க்கும் இழுத்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் அதைப் படிப்பவர் நினைப்பார்.

அதனால், ஆட்டோ டெபிட் போடும்போது 'மொத்தத் தொகை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவு நிற்கட்டும். ஏடிஎம்மில் கார்டைச் செருகிப் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள், அதற்கு முதல் நாளிலிருந்தே வட்டி. நண்பனுக்கு உங்கள் கார்டில் செல்போன் வாங்கித் தராதீர்கள், அவன் கட்டாவிட்டால் கெடுவது உங்கள் பெயர். ஒரே மாதத்தில் நாலு இடத்தில் கார்டு கேட்காதீர்கள். "பாதி கட்டினால் முடித்துவிடலாம்" என்று வசூல்காரர் சொன்னால் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். முழுவதும் கட்டாமல் முடித்ததைக் காட்டும் 'செட்டில்டு' என்ற சொல் ரிப்போர்ட்டில் வருஷக்கணக்கில் நிற்கும், வீட்டுக் கடன் கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும்.

சொந்த ஸ்கோரைப் பார்த்தால் குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், குறையாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று ஸ்கோர் போடும் நாலு நிறுவனங்களிலும் வருஷத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட் இலவசம். தப்பு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மா கழுத்துச் செயினைத் தொட்டுக்கொண்டே, "இதை வெச்சுக் கட்டிப்போடலாங்களா?" என்றார். வட்டிக் கணக்குப்படி அது சரிதான், நகைக்கடன் இதைவிட எவ்வளவோ மலிவு. ஆனால் அடுத்த மாதம் ஓணம் போனஸ் வருமாம். முதலில் அது முழுவதையும் கார்டில் போடு, மிச்சத்தைச் சம்பளத்தில் அடை, செயின் அம்மா கழுத்திலேயே இருக்கட்டும் என்றேன். கார்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். பைக் லோன் ஃபைலை மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.