டிடெக்டிவ் ரிப்போர்ட் இருந்தால் கேஸ் ஜெயித்துவிடுமா?

இந்த மாதமும் ஒருவர் வந்தார். கையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட கோப்பு, உள்ளே மனைவி போனில் யாரிடம் எப்போது பேசினார் என்ற பல மாதக் கால் லிஸ்ட். "டிடெக்டிவ் எடுத்துக் கொடுத்தார் மேடம், இனி கேஸ் நம்ம பக்கம்தானே?" என்றார். அதற்காக அவர் கொடுத்திருந்த தொகையைக் கேட்டதும் வயிறு எரிந்தது. குடும்ப நல வழக்குகளை நடத்தும் எந்த வழக்கறிஞரைக் கேட்டாலும் இதே கதையைச் சொல்வார்.

முதலில் அந்தக் கால் லிஸ்ட். எண்ணுக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாமல் அதை ஒரு தனியார் ஆள் சட்டப்படி வாங்க வழியே கிடையாது. சட்டப்படி கேட்கும் விசாரணை அதிகாரிக்கோ, நீதிமன்றம் உத்தரவிட்டாலோதான் தொலைபேசி நிறுவனம் கொடுக்கும். உங்கள் டிடெக்டிவ் கைக்கு அது வந்திருக்கிறது என்றால் நடுவில் யாரோ திருடியிருக்கிறார்கள். 2018இல் மகாராஷ்டிராவின் தானே நகரக் காவல்துறை, இப்படிக் கால் விவரங்களை வாங்கி விற்ற தனியார் துப்பறிவாளர்களைக் கைது செய்தது. 2024 அக்டோபரில் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ஒரு வழக்கு. மனைவியின் அழைப்பு விவரங்களைக் கணவர் எடுத்துத் தாக்கல் செய்திருந்தார். அந்தரங்கத்தை மீறிப் பெற்ற சான்றை ஏற்க முடியாது என்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தள்ளிவிட்டார்.

"2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே ஒத்துக்கொண்டதே?" என்று உடனே கேட்பீர்கள். தயவுசெய்து அந்த வழக்கு என்ன என்று பாருங்கள். அங்கே கணவர் பதிவு செய்தது, மனைவியோடு தானே பேசிய பேச்சை. விவாகரத்து வழக்கில் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். ஆள் வைத்து மனைவியின் போனில் உளவுச் செயலி போடலாம், மின்னஞ்சலைத் திறக்கலாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டை, மின்னஞ்சலை ஓர் ஆண் கண்காணிப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. விவாகரத்துக் கேட்டு வந்தவர் முன்ஜாமீன் கேட்டு நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

அப்புறம், "அரசு லைசென்ஸ் உள்ளவர் மேடம்." இந்தியாவில் தனியார் துப்பறிவாளருக்கென்று அப்படி ஒரு சட்டமே இல்லை. 2007இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை. சிலர் காட்டும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் காவலாளிகளை அனுப்பும் செக்யூரிட்டி நிறுவனங்களுக்கானது. சுவரில் மாட்டியிருப்பது பெரும்பாலும் கம்பெனிப் பதிவுச் சான்றிதழ்தான்.

சரி, நேர்மையாகப் பொது இடத்தில் பின்தொடர்ந்து எழுதிய ரிப்போர்ட் என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் தானாகப் பேசாது. நேரில் பார்த்த ஆள் கூண்டேறி "நான் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணையில் தாக்குப்பிடிக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட முதலாளி எதையும் பார்த்திருக்க மாட்டார். பார்த்த பையன் வேலையை விட்டுப் போயிருப்பான். குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 14ஆம் பிரிவு சான்று விதிகளைத் தளர்த்தியிருக்கிறது, உண்மைதான். ஆனால் நீதிபதி ஒன்றை வாங்கிப் பார்ப்பது வேறு, நம்புவது வேறு. கள்ள உறவு என்று எழுதிவிட்டு நிரூபிக்க முடியாமல் போனால் அதுவே மனக்கொடுமை என்று உச்ச நீதிமன்றம் 2003லேயே சொல்லிவிட்டது. எதிர்த்தரப்புக்கு விவாகரத்துக் காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

ஜீவனாம்ச வழக்கில் வருமானத்தைத் துருவ டிடெக்டிவ் வைப்பது இன்னொரு வீண் செலவு. 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. அதில் பொய் இருந்தால் வங்கி, அலுவலக ஆவணங்களை வரவழைக்க மனுப் போடலாம். கால் விவரமும் அப்படித்தான்: தேவை என்றால் நீதிமன்றத்தைக் கேளுங்கள், சீக்கிரம் கேளுங்கள். நிறுவனங்கள் அதைக் காலம் முழுக்க வைத்திருக்காது.

துப்பறிவாளரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்மன் வாங்காமல் முகவரி மாற்றிக்கொண்டே ஓடுபவரைக் கண்டுபிடிக்க, வேலையே இல்லை என்று சாதிப்பவர் தினமும் கடை திறப்பதைப் பார்த்துச் சொல்ல அவர்கள் உதவுவார்கள். ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள். என்ன வேலை, எந்த வழியில், யார் சாட்சி சொல்ல வருவார் என்று எழுதி வாங்குங்கள். பணத்துக்கு ரசீது வாங்குங்கள். போட்டோ, வீடியோ என்றால் எடுத்த மெமரி கார்டையே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வந்த நகல் போதாது. மின்னணுச் சான்றோடு தர வேண்டிய, பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழில் ஒரு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். "போனை ஹேக் செய்து தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இன்று உங்களுக்காக அதைச் செய்பவர் நாளை உங்கள் ரகசியத்தை வைத்தே உங்களிடம் பணம் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். குழந்தையை இதற்குள் இழுக்காதீர்கள். அம்மாவையோ அப்பாவையோ பார்க்கப் போகும் நாளில் அதன் பையில் ரெக்கார்டர் வைத்து அனுப்பாதீர்கள், "அங்கே யார் வந்தார்கள்?" என்று துருவாதீர்கள். கஸ்டடி வழக்கில் குழந்தையிடம் நீதிபதி தனியாகப் பேசுவார். அந்த அறையில் குழந்தை முதலில் சொல்வது பல நேரம் இதைத்தான்.