அந்த 40 நொடி ஏன் மங்குவதில்லை?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மல்யுத்த வீரர் எழுதியிருக்கிறார். விடியற்காலையில் மாட்டுத்தாவணிச் சந்தையில் மூட்டை இறக்குகிறார், மாலையில் பயிற்சி. ரயில்வே, காவல்துறை என்று எந்த அணியும் அவருக்குப் பின்னால் இல்லை. பஸ் டிக்கெட்டும் போட்டிக் காலணியும் சொந்தக் காசில்தான். சென்ற மாதம் 40 நொடியில் தோற்றுவிட்டார். எதிராளி தாழ்ந்து பாய்ந்து இரண்டு கால்களையும் வாரிவிட்டார்; இவருடைய தோள்கள் விரிப்பில் பதிந்தன. “ஒரு வருடப் பயிற்சி மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. அந்த 40 நொடி மட்டும் எதிராளியின் வியர்வை வாடையோடு தினமும் ராத்திரி வந்து நிற்கிறது. எனக்கு மனவலிமை இல்லையா, சார்?” என்று கேட்கிறார்.

மனவலிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தம்பி. அதிர்ச்சியில் அட்ரினலின் சுரப்பதும் நெஞ்சு படபடப்பதும் பள்ளியில் படித்ததுதான். அதற்குப் பிறகு நடப்பது அழகானது. ரத்தத்தில் ஓடும் அட்ரினலினால் மூளைக்குள் எளிதில் நுழைய முடியாது. அங்குள்ள ரத்தக் குழாய்களின் சுவரில் செல்கள் இடைவெளியின்றி நெருங்கி நின்று வழிமறிக்கின்றன. ஆனால் செய்தி உள்ளே போய்விடுகிறது! வயிற்றிலும் நெஞ்சிலும் பரவிக் கிடக்கும் வேகஸ் நரம்பை அட்ரினலின் உசுப்புகிறது. அந்த நரம்பு மூளைத்தண்டுக்குத் தகவல் கொண்டுபோகிறது. அங்கே நீல நிறத்தில் ஒரு சின்னஞ்சிறு செல்கூட்டம் உண்டு. லத்தீனில் அதன் பெயருக்கே ‘நீல இடம்’ என்றுதான் பொருள். அது அட்ரினலினுக்கு நெருங்கிய உறவான நார்அட்ரினலினை மூளைக்குள் அனுப்ப, பாதாம் பருப்பு வடிவிலுள்ள அமிக்டலா என்ற மூளைப்பகுதி விழித்துக்கொண்டு, நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியைத் தூண்டுகிறது.

நினைவு அந்த நொடியிலேயே கெட்டிப்படுவதில்லை. அதற்குப் பல மணி நேரம் ஆகும். அதனால்தான் சம்பவம் முடிந்த பிறகு சுரக்கும் அட்ரினலினும் அதை ஆழமாக்குகிறது. பயிற்சி முடிந்த எலிகளுக்கு அட்ரினலின் ஊசி போட்டுப் பார்த்தபோது இது தெரியவந்தது. 1994-இல் அமெரிக்காவில் லாரி காஹிலும் ஜேம்ஸ் மெக்காவும் மனிதர்களிடமே இதைச் சோதித்தார்கள். நார்அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் மருந்தைக் கொடுத்து, மனத்தை உலுக்கும் ஒரு கதையைச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், உலுக்கும் பகுதி அவர்களுக்குக் கூடுதலாக நினைவில் நிற்கவில்லை.

கெட்டிப்பட்ட நினைவும் கல்வெட்டு அல்ல. 2000-ஆம் ஆண்டில் கரீம் நாதரும் அவருடைய குழுவினரும் ஒரு ஒலியைக் கண்டு அஞ்சப் பழகிய எலிகளுக்கு அந்த ஒலியை மறுபடி கேட்கவைத்து, உடனே அமிக்டலாவில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். மறுநாள் பயம் பெருமளவு குறைந்திருந்தது. ஒலியைக் கேட்கவைக்காமல் மருந்தை மட்டும் கொடுத்தபோது பயம் அப்படியே இருந்தது. நினைத்துப் பார்க்கும்போது நினைவு இளகுகிறது, பிறகு மீண்டும் இறுகுகிறது! மனிதர்களிடம் இத்தனை தெளிவான விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனாலும் படுக்கையில் தனியாகப் புரண்டபடி அந்தக் காட்சியை ஓட்டுவதைவிட, கூடப் பயிற்சி செய்பவரை அதேபோல் தாழ்ந்து பாயச் சொல்லி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் கால்களை விலக்கி, அவர் முதுகின் மேல் எடையைப் போட்டுப் பழகுவது மேல் என்பேன். அதே காட்சிக்கு இன்னொரு முடிவும் உடம்பில் பதியும்.

அம்மா திருஷ்டி சுற்றிப் போட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவருடைய அன்பை மதிக்கிறேன். ஆனால் தோல்விக்குக் கண்ணேறுதான் காரணம் என்று நீங்களும் நம்பிவிட்டால், கால்கள் நின்ற நிலையை யார் ஆராய்வது? அதை உட்கார்ந்து பேச ஒரு விளையாட்டு உளவியலாளர் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் வாரம் ஒரு மாலை கிடைக்க வேண்டும், எந்த அணியிலும் இல்லாதவர்களுக்கும் இலவசமாக. பதக்கம் வென்ற பிறகு கொடுக்கும் பணத்தில் சிறு பங்கு இதற்குப் போதும். மல்யுத்த வீரர் கே.டி. ஜாதவ் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆறாவதாக வந்தார். 1952-இல் ஹெல்சிங்கி போவதற்கு ஊராரிடம் பணம் திரட்ட வேண்டியிருந்தது. அங்கே வெண்கலம் வென்றார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது.

இன்னொன்று. அதிகாலைச் சந்தை வேலையால் உங்கள் தூக்கம் பாதியில் அறுகிறது. பழகிய பிடி உடம்பில் இறுகுவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பயிற்சியை ஒரு மணி நேரம் முன்னதாக முடித்துவிட்டுச் சீக்கிரம் படுத்துவிடுங்கள்.