திறப்பைக் கழற்றிவிட்டுச் செயினைத் தொடுங்கள்

போன கிழமை ஒரு தம்பி கையில் பெரிய கட்டோடு கராஜுக்கு வந்தான். சுட்டுவிரலின் நுனி இல்லை. பின்னால் தகப்பன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பின் பற்சில்லில் பழைய பெனியன் துண்டு இன்னும் சிக்கியிருந்தது. அதை நான்தான் வெட்டி எடுத்தேன். இந்த வருடம் நான் பார்க்கும் மூன்றாவது விரல் இது.

மூன்று பேரும் செய்தது ஒரே வேலை. பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை இயக்கி, முதல் கியரில் போட்டு, செயினைத் துடைக்க, சுற்றுகிற செயினில் துணியைப் பிடித்திருக்கிறார்கள். கேட்டால், “மெதுவாத்தானே அண்ணை சுத்துது, கையை எடுத்திடலாம் எண்டு நினைச்சன்.”

இந்த ‘மெதுவா’வோடுதான் எனக்குச் சண்டை. சின்ன வண்டிகள் பலவற்றின் முன் பற்சில்லில் 14 பல். பல்லுக்குப் பல் 12.7 மில்லிமீற்றர். அது ஒரு சுற்றுச் சுற்றினாலே செயின் பதினெட்டு சென்ரிமீற்றர் அளவு நகரும். முதல் கியரில், அக்சிலேற்றரைத் தொடாமலே, செயின் நொடிக்கு ஒரு முழத்துக்குக் கிட்ட ஓடும். துணி இழுபடுவது தெரிந்து நீங்கள் கையை எடுக்கக் கால் நொடியாவது பிடிக்கும். அதற்குள் செயின் பத்து சென்ரிமீற்றர் போய்விடும். துணிக்கும் பல்லுக்கும் இடையில் அவ்வளவு தூரம் விட்டா துடைக்கிறீர்கள்? துணி விரலில் சுற்றியிருந்தால் கையை எடுக்கவும் முடியாது. எஞ்சின் நின்றுவிடும் என்றும் நம்பாதீர்கள். இரண்டு பேரை ஏற்றி இழுக்கிற எஞ்சினுக்கு விரல் ஒரு தடையா?

திறப்பைக் கழற்றிப் பொக்கற்றில் போடுங்கள். நியூட்ரலில் விடுங்கள். சில்லைக் கையால் பின்பக்கமாகச் சுற்றுங்கள். அப்போது கீழ்ச் செயின் பின் பற்சில்லை விட்டு விலகி ஓடும். சுற்றும்போது துடைக்க வேண்டாம். நிறுத்தி, ஒரு சாண் துடைத்து, மறுபடி சுற்றுங்கள். பத்து நிமிட வேலை. மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். பெற்றோல் வேண்டாம், தீப்பிடிக்கும், ரப்பர் வளையம் உள்ள செயின் என்றால் அதையும் கெடுக்கும். காய்ந்ததும் உள்பக்கமாக 90 கியர் ஒயில் விட்டு, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். மிஞ்சின ஒயிலில்தான் நம் செம்மண் ஒட்டி அரைக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப்பக்கம் போய்வருகிறவர்கள் உப்புக் காற்றை நினைத்து இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

(செயினின் இரண்டு முனையையும் இணைக்கிற பூட்டு லிங்கின் கிளிப்பில் மூடின பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டுக்கொண்டு எத்தனை பேர் வருகிறார்கள்!)

இன்னொன்று. ‘ஸ்ரைலுக்கு’ செயின் கவரைக் கழற்றி எறியாதீர்கள், தம்பிமாரே. பின்னால் அம்மா சேலையோடு ஏறுகிறா.

செயினில் தளர்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்று தெரியாவிட்டால் கொண்டு வாருங்கள். அதைப் பார்க்க நான் காசு வாங்குவதில்லை.