நெஞ்சுவலிக்கு ‘கேஸ்’ என்று பெயர் வைக்காதீர்கள்

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கமிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் பலர் என்னிடம் முதலில் சொல்வது, “லேசா கேஸ்தான் டாக்டர், ஒரு ஊசி போட்டா சரியாயிடும்.” நெஞ்சு கரித்தால் கேஸ், வயிறு உப்பினால் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ். அடுப்படியில் கேஸ் என்றால் சிலிண்டர், அமெரிக்காவில் பெட்ரோல். அங்கே குழப்பமில்லை. நெஞ்சுக்கு வரும்போது இந்தச் சொல் உயிரோடு விளையாடுகிறது.

வயிற்றில் வாயு இருப்பது உண்மைதான். சாப்பிடும்போது விழுங்கும் காற்றும், குடல் கிருமிகள் உண்டாக்கும் ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடும் வயிற்றை உப்ப வைக்கும். நெஞ்செரிச்சல் வேறு, இரைப்பை அமிலம் உணவுக்குழாயில் ஏறுவதால் வருவது. மாரடைப்பில், இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயே அடைபடுகிறது. அடைப்பு இதயத்தின் கீழ்ப்பகுதியைப் பாதித்தால் மேல்வயிறு வலிக்கும், குமட்டும், ஏப்பம்கூட வரும். சோடா குடித்து, ஏப்பம் விட்டு, “இப்போ தேவலை” என்று படுத்துவிடுகிறார்கள். உள்ளே அடைப்பு அப்படியேதான் இருக்கிறது.

நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, சில்லென்ற வியர்வை, மூச்சுத்திணறல் என்று எது வந்தாலும் உடனே ஈசிஜி எடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் சில நேரம் வலியே இருக்காது. வீட்டில் அம்மா காரணமில்லாமல் அசந்துபோய் வியர்த்து உட்கார்ந்தால், தயவுசெய்து ஓமத்தண்ணீரோடு நிறுத்தாதீர்கள். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் மறுபடி எடுக்கச் சொன்னால், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால், மறுக்காமல் இருங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து, பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ராமநாதபுரத்துக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அதனால் 108-ஐ அழையுங்கள், பைக்கில் ஏற்றாதீர்கள். 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் டோஸைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை 12 மணி நேரம் வரை கொடுக்கலாம் என்றாலும், முதல் ஓரிரண்டு மணி நேரத்தில் கொடுத்தால்தான் பலன் மிக அதிகம்.

அப்புறம், கடலில் இருப்பவர்களுக்கு. வலையை இழுத்து முடித்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைக்காதீர்கள். வலி வந்தவரை எந்த வேலையும் செய்ய விடாமல் சாய்த்து உட்கார வையுங்கள். படகைக் கரைக்குத் திருப்புங்கள். படகில் விஎச்எஃப் ரேடியோ இருந்தால் 16-ஆம் சேனலில் சொல்லுங்கள். போனில் சிக்னல் கிடைத்தால் கடலோரக் காவல்படையின் 1554. கரையில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டால், படகு வந்து சேரும்போது 108 ஜெட்டியில் தயாராக நிற்கும்.