உடம்புக்குள் ஓடும் ஒரு டீஸ்பூன் சர்க்கரை

போன தை மாதம் பள்ளத்தூரில் எங்கள் சொந்தத்தில் ஓர் அறுபதாம் கல்யாணம். பந்தி போட மணி இரண்டாகிவிட்டது. காலையில் ஒன்றரை இட்லியும் சர்க்கரை மாத்திரையுமாகக் கிளம்பி வந்த அப்பத்தா, வளவில் தூணோரமாக உட்கார்ந்திருந்தவர், திடீரென்று யாரையோ அதட்ட ஆரம்பித்தார். எதிரே யாருமே இல்லை. ரவிக்கையின் முதுகு முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. 'பசி மயக்கம்தான்' என்றார் ஒருவர், 'காத்து வரட்டும், விலகுங்க' என்றார் இன்னொருவர், அப்புறம் ஒரு பெரியவர் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி அப்பத்தாவின் கையில் திணித்தார். செட்டிநாட்டு வீட்டுச் சாவி ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், இரும்புக்குக் குறைவில்லை. ஆனால் வலிப்பு வந்தாலே இரும்பு எதற்கும் உதவாது, அப்பத்தாவுக்கு இறங்கியிருந்ததோ சுகர்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பெரியவர் ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. 100 மில்லிக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான்! மூளை மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் கேட்கும், மணிக்கு 5 கிராம். ரத்தத்தில் இருப்பது மூளையின் ஒரு மணி நேரச் செலவுக்குத்தான் காணும், மூளைக்குச் சொந்தமாகச் சேமிப்பும் கிடையாது. அப்படியும் இரவெல்லாம் பட்டினியாகத் தூங்கி எழுகிறோமே, எப்படி? கல்லீரல் ஓர் உக்கிராணம், அதாவது சாமான் அறை, வைத்திருக்கிறது, சுமார் 100 கிராம் சர்க்கரையைக் கிளைகோஜனாக அடுக்கி வைத்து, தேவைக்கேற்ப அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அந்த உக்கிராணத்தைப் பூட்டச் சொல்வது இன்சுலின். சாப்பிட்டதும் சுரக்கும், சர்க்கரை குறைந்தால் தானாக நின்றுவிடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரைகள் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை, ஆள் சாப்பிட்டாச்சா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. (மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம்.) பந்தி தள்ளிப்போகப் போக, உள்ளே வரவு நின்று உக்கிராணமும் பூட்டியே கிடந்தது.

சர்க்கரை 70க்குக் கீழே சரியும்போது உடம்பு அட்ரினலினை அவிழ்த்துவிடுகிறது. கை நடுக்கமும் படபடப்பும் அதன் வேலை, கூடவே அகோரப் பசியும் எடுக்கும். இன்னும் இறங்கினால் மூளையே தடுமாறும், பேச்சு குழறும், சம்பந்தமில்லாத கோபம் வரும், சிலருக்கு ஒரு பக்கக் கை கால் விழுந்து பக்கவாதம் போலவே தெரியும். பிபிக்கோ இதயத்துக்கோ மெட்டோபுரோலால், அட்டனோலால் சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமல் போகலாம். ஆனால் வியர்வைச் சுரப்பிக்குப் போகும் செய்தி வேறு வேதிப்பொருள் வழியாகப் போவதால் வியர்வை மறையாது. அப்பத்தா சாப்பிடுவதும் அந்த வகை மாத்திரைதான், அந்த நனைந்த ரவிக்கைதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே துப்பு.

குளுக்கோமீட்டர் ஒருவர் பையில் இருந்தது. குத்திப் பார்த்தால் 163. சுகர் இல்லையப்பா என்று எல்லோரும் மூச்சு விட்டோம். அப்போதுதான் ஓர் ஆச்சி, 'வாசல்ல தட்டுல இருந்து கல்கண்டு எடுத்த கை, கழுவிட்டுப் பாருங்க' என்றார். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, வேறு விரலில் குத்தினால் 48! துளி ரத்தத்தை அளக்கும் கருவிக்கு விரலில் ஒட்டிய இனிப்பும் ரத்தத்தில் இருப்பதும் ஒன்றுதான்.

உடனே கந்தரப்பத்தை நீட்டினார்கள், கவுனி அரிசியும் வந்தது. இனிப்புதானே என்று தோன்றும், ஆனால் எண்ணெயும் நெய்யும் தேங்காயும் இரைப்பையைச் சாவகாசமாக்கிவிடும், சர்க்கரை சிறுகுடலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ரத்தத்தில் ஏறும். வேண்டியது 15 கிராம், அதாவது 3 டீஸ்பூன் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து. 15 நிமிஷம் கழித்து மறுபடி அளக்க வேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு தடவை. வோக்லிபோஸ், அகார்போஸ் சேர்ந்த மாத்திரை என்றால் இதிலும் ஒரு சிக்கல்: சாதாரணச் சர்க்கரையைக் குடலில் உடைக்கும் நொதியையே அந்த மருந்து தடுத்துவிடும். அவர்களுக்கு மருந்துக்கடைக் குளுக்கோஸ் பொடிதான், இல்லாவிட்டால் தேன்.

அப்பத்தாவுக்கு விழுங்க முடிந்தது, தப்பித்தோம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, சோடாவும் கூடாது. விழுங்கும் அனிச்சை அணைந்திருப்பதால் ஊற்றுவது நேராக நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும், அவர்கள் ரத்தக்குழாய் வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். நம் ஊர் வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவிலும் கடைசிக் கட்டின் கதவு அடுத்த தெருவிலும் இருக்கும். எந்தத் தெரு வாசல் என்று போனிலேயே சொல்லிவிட்டு, முக்கில் ஓர் ஆளையும் நிறுத்துங்கள். பூட்டிய முகப்பில் தட்டிக்கொண்டு நின்றால் நிமிஷங்கள் வீணாகும்.

கால் மணி நேரத்தில் 91. அப்பத்தா எழுந்து உட்கார்ந்து, 'என்னடா, எல்லாரும் என்னையே பாக்குறீங்க?' என்றார். உடனே சாப்பிடவைத்தோம், குடித்த சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துவிடும், மாத்திரை தீராது. வயதானவர்களுக்குச் சிறுநீரகம் கொஞ்சம் சுணங்கியிருந்தால் இந்த மாத்திரைகளின் வேலை ஒரு நாளுக்கு மேலும் நீளும். நினைத்தது போலவே மாலை ஐந்து மணிக்கு 64. மறுபடி சர்க்கரைத் தண்ணீர், அப்புறம் காரைக்குடிக்கு டாக்டரிடம், அன்றிரவு அங்கேயே கண்காணிப்பு.

காரில் ஏற்றும்போதுதான் உள்ளேயிருந்து ஒருவர் ஓடிவந்தார். பந்தியில் சாமான் தீர்ந்துவிட்டது, உக்கிராணத்தைத் திறக்கச் சாவியைக் காணோம் என்று அரை மணி நேரமாகத் தேடுகிறார்களாம். கொத்து அப்பத்தா மடியிலேயே இருந்தது.